எடைக்கு எடை சீனி

பிள்ளைகளைச் சாக்கு நிறுக்கும் தராசில் ஏற்றிப் பார்ப்பது என் கணவர் வீட்டு வழக்கம். திருநெல்வேலியிலிருந்து மலையாள நாட்டுக்கு வந்து மூன்று தலைமுறையாக ஆரியசாலைக் கடைவீதியில் சீனி, வெல்லம், எண்ணெய் மொத்த வியாபாரம் செய்கிற குடும்பம். கடை வாசலிலேயே பெரிய இரும்புப் பலகைத் தராசு இருக்கும். குடும்பத்துப் பிள்ளை எது கடைக்கு வந்தாலும் அதன்மேல் ஏற்றி நிறுத்தி, எண்ணைச் சத்தமாகப் படிப்பார்கள். மூட்டை இறக்குபவர்கள், லாரி டிரைவர்கள், சரக்கு வாங்க வந்தவர்கள் எல்லாருக்கும் கேட்கும். போன தடவையைவிடக் கூடியிருந்தால் பிள்ளை கையில் ஒரு துண்டு வெல்லம். குறைந்திருந்தால் பெற்றவளுக்கு ஒரு பார்வை. நான் கல்யாணமாகி வந்த முதல் வாரமே என்னையும் ஏறச் சொன்னார்கள். மாட்டேன் என்றேன். "ஆபீஸ் போற பிள்ளைக்குத் திமிரப் பாத்தியா" என்று சிரித்துவிட்டு விட்டுவிட்டார்கள். பெரியவர்கள் வேண்டாம் என்றால் விடுவது அந்த வீட்டில் உண்டு. பிள்ளைகளைத்தான் யாரும் கேட்பதில்லை.

என் மகள் மாதம் நிறையுமுன் பிறந்தவள். ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் குழாய்களோடு கிடந்தாள். அப்போது என் கணவரின் அக்கா, வராந்தாவில் நின்றபடியே நேர்ந்துகொண்டார்: பிள்ளை பிழைத்துத் தேறி வந்தால், எடைக்கு எடை சீனி வைத்துத் துலாபாரம். கோயிலில் தொங்கும் பெரிய தராசின் ஒரு தட்டில் பிள்ளையை உட்காரவைத்து, மறு தட்டில் சரிக்குச் சரி சீனியை ஏற்றி, அந்தச் சீனியைச் சாமிக்குக் கொடுத்துவிட வேண்டும். மகள் பிழைத்தாள். நேர்ச்சைதான் தள்ளிப் போய்க்கொண்டே இருந்தது. முதலில் வீட்டில் ஒரு துக்கம், அப்புறம் கடையை இடித்துக் கட்டியது, அப்புறம் கொரோனாவில் கோயில் அடைப்பு. பிறகு எல்லாரும் மறந்தே போனார்கள்.

மறக்காதது ஒன்றுதான், பிள்ளைக்கு ஊட்டுவது. நேர்ந்துகொண்ட அந்த நாத்தனாருக்குக் கணவர் இல்லை, பிள்ளையும் இல்லை. கரமனை வீட்டில் எங்களோடுதான் இருக்கிறார். நல்ல மனுஷி என்று ஊரே சொல்லும். எனக்கு அவர் விரல்கள்தான் ஞாபகம் வருகின்றன. சோற்றை நெய்யோடு பிசைந்து, ஓர் உருண்டையைத் தன் வாயில் போட்டு ருசி பார்த்து, அதே விரல்களை நக்கிவிட்டு அடுத்த உருண்டையை என் மகள் வாயில் திணிக்கும் விரல்கள். "ஒரு வாய், கேட்டியா மோளே, ஒரே ஒரு வாய்." பிள்ளை தலையைத் திருப்பினால் தாடையைப் பிடித்துத் திருப்புவார். சாப்பிட்டு முடித்ததும் எண்ணெய்க் கையோடு கன்னத்தைக் கிள்ளி முத்தம். அந்தக் கன்னத்தை எத்தனை தடவை துடைத்துவிட்டிருப்பேன். துடைக்கிற என்னை, ஈரமில்லாதவள் என்று பார்ப்பார்கள்.

வீட்டில் மற்றவர்கள் மட்டும் எப்படி? என் கணவர் கடையை அடைத்துவிட்டு வரும்போது கையில் ஒரு பொட்டலம் இல்லாமல் வந்ததில்லை. பழம்பொரி, முட்டை பப்ஸ், கடலைமாவில் முக்கிப் பொரித்த ஏதாவது ஒன்று. பொட்டலத்தின் காகிதம் கண்ணாடி மாதிரி ஆகியிருக்கும். அதை டீவி முன் வைத்துப் பிரிப்பார். கண்கள் திரையில், கை காகிதத்தில், வாய் தன்பாட்டுக்கு. பக்கத்தில் மகள் போனைப் பார்த்துக்கொண்டு அதே மாதிரி. சோறு அதற்கப்புறம், பத்து மணிக்கு மேல். நானும் ஒன்றும் ஒல்லிக்குச்சி இல்லை. ஆனால் அப்பாவும் மகளும் மென்று விழுங்குகிற சத்தத்தைச் சமையலறையிலிருந்து கேட்கும்போது நான் குழாயைத் திறந்துவிட்டுக்கொள்வேன்.

ஆறாம் வகுப்புக்கு வந்தபோது மகளுக்குப் பள்ளிக்கூட மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கத் தொடங்கியது. தூக்கத்தில் குறட்டை. விளையாட்டு பீரியடில் வயிறு வலிக்கிறது என்று வகுப்பிலேயே உட்கார்ந்துவிடுகிறாள் என்று டீச்சர் சொன்னார். கூடவே கழுத்தின் பின்பக்கம் கறுத்து, தடித்து, மடிப்பு விழுந்தது. அதை அழுக்கு என்று என் நாத்தனார் முடிவு கட்டிவிட்டார். நான் ஆபீஸ் போன நேரத்தில் கடலைமாவும் பீர்க்கங்காய் நாரும் வைத்துத் தினமும் தேய்த்திருக்கிறார். பிள்ளை வலிக்கிறது என்று சொல்லியும் தேய்த்திருக்கிறார். ஒருநாள் யூனிஃபார்ம் காலரில் ரத்தக் கறையைப் பார்த்துத்தான் எனக்குத் தெரிந்தது.

அன்றே ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு டாக்டரிடம் கூட்டிப் போனேன். கணவரையும் இழுத்துக்கொண்டு போனேன். மலையாளி அம்மா ஒருவர், வயதானவர், அதிகம் பேசாதவர். கழுத்தைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. இது அழுக்கில்லை, உடம்பு உள்ளே சீனியைச் சமாளிக்க முடியாமல் திணறுகிறபோது தோலில் தெரிகிற அடையாளம், தேய்த்தால் போகாது என்றார். மகளை வெளியே நர்சிடம் அனுப்பிவிட்டு எங்களிடம் சொன்னார்: "மருந்து ஒண்ணும் வேண்டா. மாறேண்டது குட்டியல்ல, வீடாணு." மாற வேண்டியது பிள்ளை இல்லை, வீடு. வளர்கிற பிள்ளையைப் பட்டினி போடக் கூடாது. தனியாக அவளுக்கென்று ஒரு தட்டும் வைக்கக் கூடாது. எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து ஒரே சாப்பாட்டைப் பொழுதோடு சாப்பிட வேண்டும், அப்போது டீவியும் போனும் வேண்டாம். இனிப்பு பானம் வீட்டுக்குள் வரக் கூடாது. தினமும் ஓடி விளையாட வேண்டும், நேரத்துக்குத் தூங்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே, அவள் எடையைப் பற்றி அவள் காதுபட வீட்டில் ஒருத்தர்கூட வாய் திறக்கக் கூடாது. அவள் வளர வளர உயரம் எடையைப் பிடித்துவிடும், அவசரப்படாதீர்கள் என்றார். என் கணவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். வெளியே வந்ததும், "இதச் சொல்லவா இத்தனை நேரம்?" என்று கேட்டுவிட்டு, கேன்டீன் பக்கம் பார்த்தார்.

அந்த ஒரு வாக்கியத்தை எங்கள் வீட்டாருக்குப் புரியவைக்க நான் பட்ட பாடு கொஞ்சமில்லை. வீடு மாற வேண்டும் என்றால், பிள்ளையை மாற்ற வேண்டும் என்றுதான் அவர்கள் காதில் விழுகிறது. கணவர் கடையிலிருந்து ஓட்ஸ் பாக்கெட்டுகளைக் கொண்டுவந்து இறக்கினார், எல்லாம் அவளுக்கு. அவள் அந்தக் கொழகொழப்பைக் கிண்டிக்கொண்டிருக்க, எதிரே உட்கார்ந்து இவர் பரோட்டாவைப் பிய்த்துக் குருமாவில் முக்கினார். "அப்பாக்கு வயசாச்சு, இனி என்ன ஆகப்போகுது. நீ சாப்பிடு மோளே, நல்லது" என்று அறிவுரை வேறு. எனக்கு வந்த கோபத்தில் அந்தப் பரோட்டாத் தட்டைத் தூக்கிச் சிங்க்கில் கவிழ்த்தேன்.

நடைப்பயிற்சியும் அப்படித்தான். காலையில் அப்பாவும் மகளும் மியூசியம் பூங்காவுக்கு நடக்கப் போனார்கள். நகரத்துப் பெரிய மனிதர்கள் எல்லாம் அங்கேதான் நடக்கிறார்கள். கை வீசி, உடம்பைப் பற்றியே பேசிக்கொண்டு, ஒரு சுற்று வந்துவிட்டு, நேரே வடையும் சீனி தூக்கலாக டீயும். ஒருநாள் நானும் அவர்களோடு போனேன். வியர்வையோடு நின்று, எண்ணெய் ஒழுகும் உளுந்துவடையைக் கடித்தபடி ஒருவர் என் மகளைப் பார்த்து, "மோள் நல்லா நடக்கணும் கேட்டோ, குறையணும்" என்றார். யாரென்றே தெரியாத ஆள். உதட்டோரம் சட்னி. என் கணவர் அந்த ஆளோடு சேர்ந்து சிரித்தார். நான் மகளைக் கூட்டிக்கொண்டு ஆட்டோ பிடித்து வந்துவிட்டேன்.

பிறகு எறும்பு. ஒரு ஞாயிற்றுக்கிழமை மகள் படுக்கையை உதறப் போனேன். சுவரிலிருந்து எறும்பு வரிசையாக இறங்கித் தலையணைக்குள் போய்க்கொண்டிருந்தது. உறையைக் கழற்றினால் உள்ளே நசுங்கிப் போன உண்ணியப்பங்கள், வெல்லம் போட்டுப் பொரித்த பணியாரங்கள். எண்ணெய் பஞ்சுவரை ஊறி, ஈரமாக, புளித்த வாடையோடு, எறும்பு மொய்த்துக் கறுப்பாகக் கிடந்தன. நான் வாய்விட்டே சீ என்றேன். மகளைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"நான் திங்கலைம்மா. ராத்திரி திங்கச் சொல்லி அத்தை வச்சது."

"வேண்டாம்னு சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னா அத்தை அழும்."

அந்தத் தலையணையில்தான் என் மகள் இரண்டு மூன்று நாளாகத் தலை வைத்துப் படுத்திருக்கிறாள், அத்தை அழக் கூடாது என்று. நான் தலையணையோடு போய் நாத்தனார் முன் நின்றேன். "மதினி, இது என்ன?" என்றேன். அவர் உண்மையாகவே அழுதார். "பிள்ள எளச்சுப் போகுது, எனக்குச் சோறு எறங்கலியே" என்றார். பிள்ளை ஒரு பிடிகூட இளைத்திருக்கவில்லை. அழுதுகொண்டே அவர் மிச்சர் டப்பாவுக்குள் கையை விட்டார். அவர் அறியாமல்தான் கை போனது. எனக்கு அதைப் பார்க்கச் சகிக்கவில்லை.

என் கணவர் இதையெல்லாம் மேலோட்டமாகவே எடுத்துக்கொண்டார் என்றாலும், டாக்டர் சொன்னது மனதுக்குள் உறுத்தியிருக்க வேண்டும். ஒரு நாள் அக்காவிடம் கவலைப்பட்டிருக்கிறார். அப்போதுதான் அந்த அம்மாளுக்குப் பழைய நேர்ச்சை ஞாபகம் வந்தது. மறுநாள் காலை காப்பி குடிக்கும்போது முகமெல்லாம் தெளிவாக வந்து உட்கார்ந்தார்.

"தம்பி, இது சீக்கே இல்ல. நேர்ச்சை பாக்கி நிக்கு. குஞ்சா கெடந்தப்பமே குடுத்திருந்தா ரெண்டு கிண்ணத்தில முடிஞ்சிருக்கும். நாம குடுக்கல. சாமி வட்டியக் கூட்டிக்கிட்டே போகுது, பிள்ளை மேல."

வியாபாரக் குடும்பம் அல்லவா, சாமியும் வியாபாரிதான். கொடுக்காமல் விட்டதற்கு வட்டியாகப் பிள்ளை உடம்பில் சதையை ஏற்றிக்கொண்டிருக்கிறதாம். சீனியைக் கொடுத்துவிட்டால் கணக்கு நேராகிவிடும், எடை தானாக இறங்கிவிடும். எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஏனென்றால் என் கணவர் காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "அக்கா சொல்லுததும் சரிதான்" என்றார். பொரிப்பதை நிறுத்த வேண்டாம், பத்து மணிச் சோற்றை மாற்ற வேண்டாம், டீவியை அணைக்க வேண்டாம். கடையில் கிடக்கிற சீனியைத் தூக்கிக் கோயிலில் கொட்டினால் போதும். இதைவிடச் சுகமான வைத்தியம் யாருக்குக் கிடைக்கும்?

நான் முடியாது என்றேன். இத்தனை பேர் முன்னால் பதினொரு வயதுப் பெண்ணைத் தராசில் ஏற்றுவதா, டாக்டர் சொன்னது காதில் விழவில்லையா என்று கத்தினேன். சாமி காரியத்துக்குக் குறுக்கே நிற்கிறேன் என்றார்கள். கடைசியில் மகளிடமே கேட்டேன். பால்கனியில் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். சக்கரத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டாள்.

"போலாம்மா. இல்லேன்னா அத்தை அழும்."

நாள் குறித்தார்கள். சொந்தக்காரர்களுக்கெல்லாம் போன் பறந்தது. எவ்வளவு சீனி கொண்டுபோக வேண்டும் என்று தெரிய வேண்டாமா? ஒரு சாயங்காலம் ஸ்கூலிலிருந்து நேரே கடைக்கு அழைத்துப் போய் இரும்புப் பலகையில் ஏற்றியிருக்கிறார்கள். யாரோ எண்ணைச் சத்தமாகப் படித்திருக்கிறார்கள். அந்த எண்ணை நான் இங்கே எழுதமாட்டேன். அன்று வீட்டுக்கு வந்தவள் கணக்கு நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு வெகுநேரம் எதையோ எழுதி எழுதி அழித்துக்கொண்டிருந்தாள். அப்பா வந்ததும் கேட்டாள்.

"அப்பா, சீனிக்குப் பதிலா காசு வெக்கலாமா?"

"காசா? எதுக்கு?"

"அதே வெயிட்டுக்குக் காசுன்னா கொஞ்சமா இருக்கும்லா. சீனின்னா மலை மாதிரி தெரியும். சயன்ஸ்ல படிச்சேன். இரும்புகூட வெக்கலாம்."

தட்டில் குவியல் சின்னதாகத் தெரிய வேண்டும். அதற்காகத்தான் என் மகள் அத்தனை நேரம் யோசித்திருக்கிறாள். என் கணவர் வாய்விட்டுச் சிரித்தார். "சீனிக்கடைக்காரன் வீட்டுல இரும்பா? அக்கா, இதக் கேட்டியா?" என்று உள்ளே குரல் கொடுத்தார். அங்கிருந்தும் சிரிப்பு வந்தது. அந்த ஆளோடு ஒரே கூரைக்குக் கீழே இருப்பதே அருவருப்பாக இருந்தது. கட்டிய கணவரைப் பற்றி இப்படி எழுதக் கூடாது என்பார்கள். அன்று இருந்தது அதுதான்.

துலாபாரத்தன்று நாத்தனார் மகளுக்குப் பட்டுப்பாவாடை சட்டை தைத்து வாங்கி வந்திருந்தார். எடுத்த அளவு போன வருஷத்தது. சட்டை பின்னால் சேரவில்லை. ஊக்கு குத்தி, "மூச்சை உள்ளே பிடி மோளே" என்று இழுத்து மூடினார்கள். பிடித்த மூச்சோடுதான் அவள் காரில் ஏறினாள்.

எங்கள் ஊர்க் கோயில்களில் ஆண்கள் மேல்சட்டை போடக் கூடாது. என் கணவரின் சித்தப்பா, பெரியப்பா மக்கள், மச்சினன்மார் எல்லாரும் வேட்டியோடு வெற்றுடம்பில் தராசு மண்டபத்தைச் சுற்றி நின்றார்கள். ஒன்றையொன்று இடித்துக்கொண்டு வரிசையாகத் தொந்திகள். வேட்டி முடிச்சு அடியில் எங்கோ ஒளிந்திருந்தது. சந்தனம் வியர்வையில் கரைந்து மடிப்புகளில் வழிந்தது. காலையில் வரும் வழியிலேயே மசால்தோசை முடித்துவிட்டு வந்தவர்கள் என்பது ஏப்பத்தில் தெரிந்தது. இத்தனை வயிறுகளும் ஒரு குழந்தையின் எடையைப் பார்க்க வந்திருந்தன. போன்களைத் தூக்கிப் பிடித்தார்கள். கோயில் ஊழியர் படம் எடுக்கக் கூடாது என்று சொன்னதும் கீழே இறக்கிப் பிடித்தார்கள்.

சீனி மூட்டைகள் தட்டின் பக்கத்தில் அடுக்கியிருந்தன. கடையிலிருந்து வந்த சாக்குகள். ஊழியர் பிள்ளையை வரச் சொன்னார். மகள் ஓரடி முன்னே வைத்தாள். அப்போது சித்தப்பா, "சாக்கு பத்தாது போலிருக்கே. கடைக்கு ஆள் அனுப்பட்டா?" என்றார். தொந்திகள் எல்லாம் குலுங்கின. நாத்தனாரும் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். மகள் அவர்களைப் பார்த்தாள், அப்புறம் தன் அப்பாவைப் பார்த்தாள். பார்த்துவிட்டு அவளும் சிரித்தாள்.

பழகிய சிரிப்பு அது. கடைத் தராசிலும் பள்ளிக்கூடத்திலும் மியூசியத்திலும் அவள் இப்படித்தான் சிரித்திருக்க வேண்டும், முந்திக்கொண்டு. ஊக்கு ஒன்று தெறித்து விழுந்தது. நான் அவளை இழுத்துக்கொண்டு போய்விடலாம் என்று காலை எடுத்து வைத்தேன். அதற்குள் என் கணவர் முன்னால் போய்விட்டார். அவர் முகம் எனக்குத் தெரியவில்லை, முதுகுதான் தெரிந்தது. மகளின் தோளைப் பிடித்து என் பக்கம் திருப்பி நிறுத்திவிட்டு ஊழியரிடம், "சேட்டா, குட்டிக்கல்ல. எனிக்காணு" என்றார். பிள்ளைக்கு இல்லை, எனக்கு.

தட்டில் ஏறி உட்கார்ந்தார். சங்கிலி கிறீச்சிட்டது. வயிறு மடியில் வந்து விழுந்தது. மூட்டை மூட்டையாக ஏற்றினார்கள். கொண்டுவந்த சீனி அத்தனையும் ஏறியும் அவர் தட்டு அசையவில்லை. ஒரு மச்சினன் சிரித்துப் பார்த்தான், கூடச் சிரிக்க ஆளில்லாமல் நிறுத்திக்கொண்டான். குறைந்ததற்கு ஊழியர் கோயில் சாமான் அறையான கலவறையிலிருந்து கொண்டுவந்து ஏற்றினார். "எவ்வளவுன்னு சத்தமாச் சொல்லுங்க" என்று என் கணவர் கேட்டார். சொன்னார்கள். மண்டபம் முழுக்கக் கேட்டது. அவருக்குக் காது மடல்வரை சிவந்திருந்தது. அந்த மனிதரை அன்றைக்குத்தான் என்னால் மறுபடி அருவருப்பில்லாமல் பார்க்க முடிந்தது.

அதற்கப்புறம் என்ன ஆயிற்று என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். இப்போது கடை ஏழு மணிக்கு அடைக்கப்படுகிறது. நானும் மகளும் கரமனையிலிருந்து கிள்ளிப்பாலம் வழியாக நடந்தே போய் அவரைக் கூட்டி வருகிறோம், பொட்டலம் இல்லாமல். எட்டு மணிக்குள் எல்லாருக்கும் ஒரே சோறு, ஒரே தோரன், ஒரே மீன்குழம்பு. பொரிச்சட்டி வாரத்தில் ஒருநாள் அடுப்பில் ஏறும், அன்று எல்லாரும் சேர்ந்து தின்போம். எல்லா நாளும் ஒழுங்காக நடக்கிறது என்று பொய் சொல்லமாட்டேன். போன வாரம்கூடக் கணவர் சட்டைப்பையில் பப்ஸ் தூளைப் பார்த்தேன். மகள் சைக்கிளில் போகிறாள், படி ஏறுகிறாள், கழுத்துக் கறுப்பு மங்கியிருக்கிறது. அவள் எடையை டாக்டர் ஒரு சீட்டில் எழுதி மடித்துத் தருவார். நாங்கள் யாரும் அதை வாய்விட்டுப் படிப்பதில்லை.

ஆனால் எனக்கு ஞாபகத்தில் நிற்பது இதெல்லாம் இல்லை. அன்று மண்டபத்தில் கணவர் தட்டிலிருந்து இறங்கிய பிறகு நடந்தது.

இறங்கியவர் நேரே தன் அக்காவிடம் போனார். "நேந்தது நீதானே. ஏறு" என்றார்.

"எனக்கா? என்ன தம்பி வெளையாடுத?"

"வெளையாடல. ஏறு."

நாத்தனார் இரண்டடி பின்னால் போனார். முந்தானையை இழுத்து இடுப்பைச் சுற்றி, வயிற்றைச் சுற்றி மூடிக்கொண்டார். இத்தனை வருஷத்தில் அவர் அந்தக் கடைத் தராசில் ஏறி நான் பார்த்ததே இல்லை. முகம் வெளிறிப்போனது. "வேண்டாம்லே. எல்லாரும் பாக்காவ" என்றார். குரல் சின்னப் பிள்ளைக் குரலாகிவிட்டது.

"பாக்கட்டுமே. என் பிள்ளையப் பாக்கத்தானே எல்லாரையும் கூப்பிட்ட." கணவர் அவர் மணிக்கட்டைப் பிடித்தார்.

எனக்குள் ஒரு குளிர்ச்சி பரவியது என்பதை மறைக்கப் போவதில்லை. ஏறட்டும், எண்ணைப் படிக்கட்டும், சித்தப்பா சிரிக்கட்டும் என்று காத்திருந்தேன். அப்போது என் கையிலிருந்து மகள் கையை உருவிக்கொண்டு போனாள். ஊக்கு தெறித்த சட்டை முதுகில் திறந்து கிடந்தது. போய், அப்பாவின் விரல்களை அத்தையின் மணிக்கட்டிலிருந்து ஒவ்வொன்றாகப் பிரித்தாள்.

"விடுங்கப்பா. அத்தைக்கு இஷ்டமில்லேன்னா வேண்டாம்."

நாத்தனார் அவளைப் பார்த்த பார்வையை என்னால் எழுத முடியாது. எனக்கு அந்த அம்மாள்மேல் அன்று இரக்கம் வரவில்லை, இன்றுவரை சரியாக வரவில்லை. அத்தனை பேரில் என் மகள் ஒருத்திக்கு வந்தது. அந்த வீட்டார் அவளிடம் அன்றுவரை காட்டாத ஒன்றை, அவள் எங்கிருந்து எடுத்துக் கொடுத்தாள் என்று எனக்குத் தெரியவில்லை.